இளைப்பில் பங்கு

மெஷினைக் காணவில்லை.

கண் விழித்ததும் பஞ்சுவின் கை தானாகக் கட்டிலை ஒட்டிய மேஜைக்குப் போகும். அங்கே அவளுடைய மூச்சு மெஷின் இருக்கும். மருந்தைப் புகையாக்கித் தருகிற வெள்ளை மெஷின். தேவையோ இல்லையோ, தொட்டுப் பார்த்துக்கொண்டால்தான் அவளுக்குப் பொழுது விடியும். இன்றைக்குக் கை வெறும் பலகையில் பட்டது. தூசியில் ரப்பர் கால்களின் தடம் மட்டும் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'கொர்ர்ர்' என்று சத்தம். அவள் மெஷின்தான். அதன் குரல் அவளுக்குத் தெரியாதா?

தங்கை வந்து இறங்கியதிலிருந்து இந்த வீட்டில் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தது. காற்று வருகிற அறை முதலில் போயிற்று. பிறகு ஜன்னலோரக் கட்டில். போன வாரம் பஞ்சுவின் தலையணைகள் போயின. தலையணை போன அன்றைக்கே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "குழந்தை பிறக்கிற வரைக்கும்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்று மெஷினும் போயிற்று.

அக்காவுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தவர் அப்பா. அதற்குக் காரணம் அவள் மூச்சு. நடக்கப் பழகுவதற்கு முன்பே இளைப்பு வந்துவிட்டது. கீழே வைத்தால் அழுக்காகும், மேலே வைத்தால் பறந்துவிடும் என்று வளர்த்தார்கள். இரண்டாவதாகப் பிறந்தவள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். ஜலதோஷம்கூட எட்டிப் பார்க்காது. அவள் கல்லு ஆனாள். அப்பா போய்ச் சேர்ந்தும் பெயர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டன.

அந்தக் கல்லு இப்போது ஏழாம் மாதம். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர், எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவருக்கே சில சமயம் சந்தேகம் வரும். அதனால் பிரசவத்துக்கு அம்மா வீடு. வந்த சில நாளில் இருமல். பிறகு மூச்சிரைப்பு. அதற்குப் பிறகு 'விஸ்ஸ்' என்று ஒரு விசில். அம்மா தெருமுனைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். "குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா உண்டா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா ஒரு பட்டத்தை அறிவிக்கிற மாதிரி, "மூத்தவளுக்கு உண்டு டாக்டர், பிறவியிலேர்ந்து" என்றாள். அவ்வளவுதான். கல்லுவுக்கும் ஒரு இன்ஹேலர் எழுதியாயிற்று.

பஞ்சு சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"அம்மா, என் மெஷின்?"

"மெதுவா பேசு. இப்பத்தான் கொஞ்சம் கண் அசந்தா."

"என் மெஷின் எங்கேன்னு கேட்டேன்."

"அவளுக்கு வெச்சிருக்கேன்டி. ராத்திரி பூரா உட்கார்ந்தே கிடந்தா, பாவம். படுத்தாலே முட்டுதாம்."

"எனக்கு வந்தா?"

"உனக்கு வந்தா நீ சமாளிச்சுக்குவே. உனக்குப் பழக்கம்தானே?"

இதைச் சொல்லிவிட்டு அம்மா பாலை ஆற்றத் திரும்பிக்கொண்டாள். பஞ்சுவுக்குச் சுருக்கென்றது. பழக்கமாம். ஒரு தும்மலுக்கு ஓடி வந்து முதுகைத் தடவிய கை இது. அந்தக் கையில் இப்போது பால் டம்ளர் இருந்தது. அது போகப்போகிற இடம் அடுத்த அறை.

"நடிக்கிறாம்மா அவ" என்றாள் பஞ்சு.

அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் டம்ளரே உடைந்திருக்க வேண்டும்.

"வயித்துப் பிள்ளைக்காரியைப் பார்த்துச் சொல்ற வார்த்தையா இது?"

"பின்னே என்ன? எனக்கு இருக்கறது இவளுக்கும் வேணும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். நான் பச்சை கவுன் போட்டா அவளுக்கும் பச்சை. இப்போ இளைப்பும்."

உள்ளறையில் மெஷின் நின்றது. கல்லு தூங்கவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. கேட்டிருப்பாள். கேட்கட்டும் என்று பஞ்சு குளிக்கப் போனாள்.

*

கண்ணாடிக் கடையில் பஞ்சுவின் இடம் கடைசி மேஜை. வாங்கிப் போன கண்ணாடி மூக்கில் வழுக்குகிறது, காதை வெட்டுகிறது என்று வருகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள். சூடான காற்று ஊதியில் பிரேமைக் காட்டி, காதுப் பக்கத்துக் கொக்கியை விரலால் மெல்ல வளைத்து, ஆளின் முகத்தில் மாட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். இடது காது சற்று மேலே இருக்கிற முகம், மூக்கு ஒரு பக்கம் சாய்ந்த முகம் எல்லாமே அவளுக்கு அத்துப்படி. கை நடுங்கினால் வேலை கெட்டுவிடும்.

இன்றைக்குக் கெட்டது. ஒரு வாத்தியாரின் பிரேம் வளைவதற்குப் பதிலாக 'டிக்' என்று ஒடிந்தது.

"புதுசு போட்டுத் தர்றேன் சார். என் தப்புதான்" என்றாள்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். நல்ல மனிதர். ஒவ்வொரு காலையும், "மூச்சு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஷட்டரை முழுதாகத் தூக்குவார். கேட்டால் பஞ்சு, "பரவாயில்ல சார்" என்பாள். அந்தக் கேள்வியும் பதிலும் ஒரு டீ மாதிரி. குடிக்காவிட்டால் தலை வலிக்கும்.

"ஏம்மா, உன் தங்கச்சிக்கு மூச்சு எப்படி இருக்கு?" என்றார் அவர்.

பஞ்சு அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவருமா?

அப்போதுதான் போன் அடித்தது. அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் கல்லுவுக்கு இன்று மாதப் பரிசோதனை. அம்மாவுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏற முடியாது. "நீ கூட்டிட்டுப் போயிடுடி. டாக்டர் ஏதாவது கேட்டா உனக்குத்தான் விவரமா சொல்லத் தெரியும். ஆஸ்துமாவைப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் பஞ்சு ஒப்புக்கொண்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். நாம் தெரிந்துகொள்ளலாம்.

*

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் முன்னால் கூட்டம் நெருக்கியது. ஸ்ட்ரெச்சர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு, இவர்கள் முறை வருவதாகக் காணோம்.

"ஒரு மாடிதானே, நடந்துடலாம்க்கா" என்றாள் கல்லு. காலையில் கேட்டதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவே பஞ்சுவுக்கு எரிச்சலாக இருந்தது.

படிகளின் திருப்பத்தில் கல்லு நின்றுவிட்டாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். நெஞ்சிலிருந்து அந்த விசில். பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். இன்னொன்று.

பஞ்சு ஒரு படி மேலே நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். இழுக்கிற விதம் சரிதான். பிடித்து வைப்பதும் சரிதான். யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சற்று நேரத்தில் தோள் இறங்க வேண்டும். நெஞ்சைக் கட்டிய கயிறு அவிழ்ந்த மாதிரி ஒரு பெருமூச்சு வரவேண்டும். அந்தச் சுகம் பஞ்சுவுக்குத் தெரியும். இவளுக்கு அது வரவில்லை. மாறாக, கழுத்து நரம்பு படபடவென்று துடித்தது. உதட்டோரம் வெளுத்தது.

"பஃப் அடிச்சா நெஞ்சு பறக்குதுக்கா" என்றாள் கல்லு. "உனக்கும் அப்படித்தானே?"

"எனக்குச் சரியாயிடும்" என்றாள் பஞ்சு வெடுக்கென்று.

பொய்யாகச் செய்தால் சரியாகுமா என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டாள். ஆனாலும் கையை நீட்டினாள். கல்லு பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை ஜில்லென்று ஈரமாக இருந்தது. நடிக்கிறவளுக்கு எப்படி இப்படி வியர்க்கும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கேள்வியை அவள் தள்ளிவிட்டாள்.

பிரசவ டாக்டர் நடுத்தர வயதுக்காரி. அவசரமில்லாத கை. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தையின் துடிப்பைக் கேட்டு, "ராஜா மாதிரி இருக்கு உள்ளே" என்றாள். பிறகு சீட்டைப் பார்த்தாள். "ஆஸ்துமாவா? முன்னாடி வந்தப்ப சொல்லலையே?"

"இப்பத்தான் டாக்டர். அக்காவுக்கு இருக்கு. அதான் எனக்கும்..."

அந்த 'எனக்கும்' பஞ்சுவின் பொறுமையை அறுத்துவிட்டது.

"இவளுக்கு ஆஸ்துமா இல்ல டாக்டர்."

கல்லு திரும்பிப் பார்த்தாள். அடிபட்ட குழந்தை அடித்தவரையே பார்க்கிற பார்வை.

"ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்றாள் டாக்டர்.

"எனக்குத் தெரியாதா? நான் இதோடவே பிறந்தவ. எனக்குத் தூசி பட்டா வரும், வாசனை பட்டா வரும். இவளுக்குப் படுத்தா வருது, எழுந்து உட்கார்ந்தா குறையுது. பஃப் அடிச்சா எனக்கு இறங்கும். இவளுக்கு நெஞ்சு பறக்குதாம். என் மெஷினை ராத்திரியெல்லாம் ஓட்டியும் அடங்கலையாம். அது எப்படி அடங்காம இருக்கும்? எல்லாரும் இவளையே..."

மீதியைச் சொல்ல முடியவில்லை. டாக்டர் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. அவள் பஞ்சுவைக் கவனிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படும்மா. மெதுவா. கொஞ்ச நேரம்தான்."

அந்தக் கொஞ்ச நேரம் நீண்டது. முதுகில் வைத்துக் கேட்டாள். மார்புக்குக் கீழே வைத்துக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டாள். கல்லுவுக்கு இருமல் வந்தது. டாக்டரே அவளைத் தூக்கி உட்கார வைத்தாள்.

"சளியில ரத்தம் மாதிரி லேசா சிவப்பு ஏதாவது?"

கல்லு தயங்கினாள். "நேத்து இருந்துச்சு. பல் ஈறுன்னு நெனச்சேன்."

"கிளினிக்ல சொன்னதைத் தப்புன்னு சொல்லமாட்டேன்" என்றாள் டாக்டர். "கர்ப்பத்துல மூச்சு வாங்கறது சகஜம். அமிலம் மேல வந்தாலும் இருமும். நுரையீரல்ல ரத்தம் கட்டினாலும் இரைக்கும். இதயத்துல கோளாறு இருந்தாலும் விசில் அடிக்கும். எல்லாம் ஆஸ்துமா மாதிரியே வந்து நிக்கும். வீட்டுல ஒருத்தருக்கு ஆஸ்துமா இருந்தா அதுமேலதான் யாருக்கும் முதல்ல சந்தேகம் போகும். ஆனா இவங்க நெஞ்சுல வேற ஒரு சத்தமும் கேட்குது. எக்கோ எடுத்துடலாம். இப்பவே."

பஞ்சு நினைத்தது நடந்துவிட்டது. ஆஸ்துமா இல்லையென்று நிரூபித்துவிட்டாள். ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் ஏன் தங்கையின் பையை இப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்?

*

எக்கோ அறை இருட்டாக, குளிராக இருந்தது. இதய டாக்டர் ஒல்லியான மனிதர். கல்லுவின் நெஞ்சில் பசையைத் தடவி, கருவியை அழுத்தி, திரையைப் பார்த்தார். கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ அடித்துக்கொண்டது.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டு வீங்கியிருக்கா? இன்னிக்கு ஒரு மூட்டு, நாளைக்கு வேற மூட்டுன்னு?"

இல்லை என்று சொல்லப் பஞ்சு வாயெடுத்தாள். இந்த வீட்டில் வியாதி என்றால் அவளுடையதுதான். கல்லுவுக்கு ஏது?

"வந்திருக்கு டாக்டர்" என்றாள் கல்லு. "முதல்ல முழங்கால். அப்புறம் கணுக்கால். அப்புறம் கை. பள்ளிக்கூடம் போகமுடியாம இருந்தேன்."

"யார்கிட்ட காட்டினாங்க?"

"யார்கிட்டயும் இல்ல. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாங்க. அப்போ அக்கா ஆஸ்பத்திரியில இருந்தா. அம்மாவும் அப்பாவும் அவகூட இருந்தாங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல். பஞ்சு திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

டாக்டர் எளிதாகச் சொன்னார். அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டுப் போகும்போது இதயத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. உள்ளே இருக்கிற ஒரு வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கதவு பாதி திறந்த மாதிரி நிற்கிறது. இத்தனை நாள் அதைக் கொண்டே ஓடியாயிற்று. இப்போது குழந்தைக்கும் சேர்த்து ரத்தம் பெருகியிருக்கிறது. பாதிக் கதவில் அது போகமுடியாமல் நுரையீரலில் தேங்குகிறது. அதனால்தான் விசில், இருமல், படுத்தால் முட்டல். இன்ஹேலர் இதயத்தை இன்னும் வேகமாக ஓடவைத்தது, சிரமம் கூடியது.

"பயப்படாதீங்க. இன்னிக்கே அட்மிட் ஆகணும். இதயத் துடிப்பைக் குறைக்க மாத்திரை, தேங்கின நீர் இறங்க ஊசி. அதுல அடங்கிட்டா நல்லது. அடங்கலைன்னா பலூன் விட்டு அந்த வால்வைத் திறந்துவிடுவோம். குழந்தை உள்ளே இருக்கறப்பவே செய்யலாம், செஞ்சிருக்கோம்."

"என் பிள்ளைக்கு?" என்றாள் கல்லு.

"உங்களுக்கு மூச்சு நல்லா வந்தாத்தான் பிள்ளைக்கும் நல்லது."

பஞ்சுவுக்கு அப்போது ஒன்று தோன்றியது. இதயமாமே. இதயம் என்று வந்துவிட்டால் ஆஸ்துமாவை இனி யார் மதிப்பார்கள்? அப்படி நினைத்தோம் என்று உணர்ந்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

*

வார்டில் கல்லுவைச் சாய்ந்த கட்டிலில் உட்காரவைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டினார்கள். ஊசி வேலை செய்ய ஆரம்பித்தது. பலமுறை பாத்ரூம் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் பஞ்சுதான் குழாயைக் கழற்றி மாட்டினாள். அது அவளுக்குக் கைவந்த வேலை. காதுக்குப் பின்னால் கொண்டுபோய், கன்னத்தை அறுக்காதபடி லேசாகத் தளர்த்தினாள்.

"வலிக்காம மாட்டறேக்கா."

"நாளெல்லாம் அதான் பண்றேன். காதுல மாட்டற வேலை."

கல்லு சிரித்தாள். சிரித்தபோது விசில் குறைந்திருந்தது.

"காலையில நடிக்கிறான்னு சொன்னியே."

"சொன்னேன்."

"நான் நடிச்சிருக்கேன்க்கா. இப்ப இல்ல, அப்போ. நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றப்ப அப்பா உன்னைத் தோள்ல தூக்கிட்டு மாடி ஏறுவாரு. நான் பின்னால உன் செருப்பைத் தூக்கிட்டு வருவேன். எனக்கு அப்படிப் பத்திக்கிட்டு வரும். பாத்ரூம் கதவைச் சாத்திட்டு உன்னை மாதிரியே இழுத்து இழுத்துப் பார்ப்பேன். ஒரு தடவையாவது வந்துடாதான்னு."

"பைத்தியம்" என்றாள் பஞ்சு. "நீ ஓடுறதை நான் ஜன்னல்லேர்ந்து பார்ப்பேன். விழுந்து கால் ஒடியட்டும்னு நெனைப்பேன். அதுவும் உனக்கு மட்டும் ஒடியவே ஒடியாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வளர்ந்த இரண்டு பேர் இப்படிப் பேசலாமா என்று பக்கத்துக் கட்டில்காரி நினைத்திருப்பாள்.

"அந்தக் காய்ச்சல் விஷயம் அம்மாவுக்குத் தெரியவேண்டாம்" என்றாள் கல்லு மெல்ல. "தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவா. பிறவியிலேயே வால்வு அப்படின்னு சொல்லிடு."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னேனே."

*

பார்வையாளர் நேரத்துக்கு அம்மா வந்தாள். முட்டிவலியோடு, லிஃப்டுக்கும் காத்திராமல் படியேறி வந்திருந்தாள். பஞ்சுவைத் தாண்டிக்கொண்டு நேரே கல்லுவிடம் போய் முகத்தைக் கையால் ஏந்திக்கொண்டாள். போனிலேயே பஞ்சு சொல்லியிருந்தாள், வால்வு என்று. காரணத்தைச் சொல்லவில்லை.

கப்பலிலிருந்து மாப்பிள்ளை வீடியோவில் அழைத்தார். படம் விட்டுவிட்டு வந்தது. அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடுவேன் என்று அவர் சொன்னது பாதி கேட்டது. கல்லு, "எனக்கு ஒண்ணுமில்ல, நிதானமா வாங்க" என்று சொன்னது முழுதும் கேட்டது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கூட ஒருத்தர்தான் தங்கலாம். யார் இருக்கப்போறீங்க?"

"நான்தான்" என்றாள் அம்மா. கொண்டுவந்த போர்வையை ஏற்கெனவே நாற்காலியில் விரித்திருந்தாள். வாழ்க்கையில் பாதியை அவள் ஆஸ்பத்திரி நாற்காலியில் கழித்தவள்.

"அக்கா இருக்கட்டும்மா" என்றாள் கல்லு.

"ஏன்? நான் எதுக்கு இருக்கேன்?"

"உனக்கு முட்டி வலிக்கும். அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். அக்கா இருக்கட்டும்."

அம்மா போர்வையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவள் உதடு இறுகி, மூக்கு விடைத்து, கண் எங்கேயோ பார்த்தது. பஞ்சுவுக்கு அந்த முகத்தை அடையாளம் தெரிந்தது. இன்று காலை முழுவதும் அதை அவள்தான் சுமந்துகொண்டு அலைந்தாள். பாவமாக இருந்தது. கூடவே, மறைக்க என்ன இருக்கிறது, கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

"வா, கீழே வரைக்கும் வர்றேன்" என்று அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நடைவழியில் பெஞ்சு ஒன்று காலியாக இருந்தது. அம்மா அதற்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதோ பேச்சு ஓடியிருக்கு. நான் வந்ததும் வாயை மூடிட்டீங்க."

"ஒண்ணுமில்லம்மா. டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேனே. பிறவியிலேர்ந்து வால்வு அப்படியாம்."

"பிறவியிலேர்ந்துன்னு டாக்டர் சொன்னாரா?"

"ஆமா."

அம்மா நம்பவில்லை. கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். கல்லு சாய்ந்தபடியே கண் மூடியிருந்தாள். நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். பேச்சு வந்தபோது குரல் பஞ்சுவுக்கு மட்டும் கேட்கும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"அவளோட அந்தக் காய்ச்சலைப் பத்தி டாக்டர் ஒண்ணும் கேட்கலையா?"

பஞ்சுவின் மூச்சு நின்றது. ஆஸ்துமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"எந்தக் காய்ச்சல்மா?"

அம்மா போர்வையை மடியில் வைத்து, அதன் ஓரத்தை விரலில் சுற்றினாள். பார்க்க வந்து திரும்புகிறவர்களின் கூட்டம் கடந்து போயிற்று. செருப்புச் சத்தங்கள் தேயும்வரை அவள் தலை நிமிரவில்லை.

அப்படியானால் அந்தக் காய்ச்சல் அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. பஞ்சு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா" என்றாள். "எனக்குத் தெரியணும்."